வெள்ளைக் குதிரையில் வந்த வழக்கறிஞர்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

1913-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள். அமெரிக்க நாட்டின் தலைநகரான வாஷிங்டன். மறுநாள் உட்ரோ வில்சன் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்க இருக்கிறார். அவ்விழாவைக் காண வந்த மக்கள் வெள்ளம் பென்சில்வேனியா அவென்யூவின் இரு மருங்கிலும் நிரம்பி வழிகிறது. அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு வெள்ளைக் குதிரை நடந்து வருகிறது. அதன் பெயர் கிரே டான். அதன்மேல் ஓர் இளம்பெண். தலையில் விண்மீன் பொருந்திய முடி. தோளிலிருந்து வழிந்து குதிரையின் முதுகையும் மூடும் மேலங்கி. கால்களை ஒரே பக்கமாகத் தொங்கவிட்டு அமர்வதே அக்காலத்து மேல்குடிப் பெண்களுக்கு அழகு என்று கருதப்பட்டது. இவரோ ஆடவரைப் போல இருபுறமும் காலிட்டு நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பெண்கள் வாக்குரிமை கேட்டு நடந்து வருகிறார்கள். நிழற்படக்காரர் ஒருவர் தம் கருவியின் விசையைத் தட்டுகிறார். பெயின் என்னும் செய்தி நிறுவனத்தின் தொகுப்பில் அந்தப் படம் இன்றும் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைப் பாதுகாத்து வருகிறது. பெண் விடுதலை பற்றிய எந்த நூலைப் புரட்டினாலும் அந்தக் குதிரை வந்து நிற்கும்.

குதிரைமேல் இருந்தவர் இனெஸ் மில்ஹாலண்ட். படம் பெரிதாகப் பெரிதாக, படத்தில் இருந்தவர் சிறுத்துப் போனார் என்பது என் எண்ணம். ஆகவே, அந்தப் படம் எடுக்கப்படுவதற்கு முன்னும் பின்னும் அவர் செய்தவற்றை நம் கல்லூரித் தோழர்களுக்கும் தோழியருக்கும் சொல்ல விழைகிறேன். மலருக்கு மகளிர் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் நம் நாட்டுப் பெரியவர்களையே எடுத்துக்கொள்வார்கள், அது முறைதான். ஆனால் இவரிடம் என்னை ஈர்த்தது ஒன்றே ஒன்று. இவர் தம் போராட்டத்தைத் தொடங்கியது கல்லூரி மாணவியாக இருந்தபோது!

இனெஸ் 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். தந்தை ஜான் மில்ஹாலண்ட் செய்தித்தாளில் எழுதியவர். பின்னர் காற்றழுத்தக் குழாய்கள் வழியே அஞ்சல் அனுப்பும் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டியவர். கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909-இல் தோன்றிய தேசியச் சங்கத்தின் முதல் பொருளாளரும் அவரே. செல்வமும் கொள்கையும் ஒரே வீட்டில் குடியிருந்தன என்று சொல்லலாம். குடும்பம் சில ஆண்டுகள் இலண்டனில் வாழ்ந்தது. அங்கே வாக்குரிமைக்காகச் சிறை செல்லவும் அஞ்சாத எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் அம்மையாரின் இயக்கத்தை இளம் இனெஸ் நேரில் கண்டார். கண்டது நெஞ்சில் தைத்தது.

1905-இல் அவர் வாசர் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க் மாநிலத்தில் போகிப்சி என்னும் ஊரில் உள்ள அக்கல்லூரி அந்நாளில் பெண்களுக்கென்றே நடத்தப்பட்டது. இனெஸ் வளைகோல் பந்தாட்டம், கூடைப்பந்து, ஓட்டப் பந்தயம், நாடகம் என எல்லாவற்றிலும் முன்னின்றார். கல்லூரித் தலைவராக இருந்த ஜேம்ஸ் மன்றோ டெய்லர், பெண்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்பதில் ஐயமில்லாதவர். ஆனால், கல்லூரிக்குள் பெண்கள் வாக்குரிமை பற்றிக் கூட்டம் கூட்டக்கூடாது என்பதிலும் அவருக்கு ஐயமில்லை! நூலகத்தில் ஆட்சியியல் நூல்களைப் படிக்கலாம், தேர்வு எழுதலாம், தங்கப் பதக்கமும் பெறலாம், தமக்கு ஏன் வாக்கு இல்லை என்று மட்டும் கேட்கக்கூடாது.

1908-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இனெஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். கல்லூரி எல்லைச் சுவரை ஒட்டி ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. அது கல்லூரிக்குச் சொந்தமானது அன்று. எனவே தலைவரின் தடை அங்கே செல்லாது. ஏறக்குறைய நாற்பது மாணவியர் அங்கே கூடினர். பேச வந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். அதே கல்லூரியின் பழைய மாணவியான ஹேரியட் ஸ்டேண்டன் பிளாட்ச் வந்தார். எழுத்தாளர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் வந்தார். மற்றொரு பழைய மாணவியான வழக்கறிஞர் ஹெலன் ஹாய் கிரீலி வந்தார். தொப்பி தைத்துப் பிழைத்த தொழிலாளியும் தொழிற்சங்கப் போராளியுமான ரோஸ் ஷ்னைடர்மன் வந்தார். கல்லறைகளுக்கு நடுவே, கல்லூரிப் படியையே மிதித்திராத தொழிலாளப் பெண் ஒருத்தி செல்வர் வீட்டுப் பெண்களுக்குப் பாடம் நடத்தினாள். எனக்குக் குதிரைப் படத்தைவிட இந்தக் காட்சிதான் பெரிது. மாணவர் இயக்கம் என்றால் கண்ணாடியை உடைப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே எதுவும் உடையவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் முடியாததைச் சுவருக்கு அந்தப் பக்கம் செய்தார்கள், அவ்வளவே.

1909-இல் பட்டம் பெற்ற இனெஸ் சட்டம் படிக்க விரும்பினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். பெண் என்பதால் மறுத்துவிட்டார்கள். அந்தச் சட்டப் பள்ளி பெண்களுக்குக் கதவைத் திறக்க 1950 வரை ஆயிற்று என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. நியூயார்க் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

சட்ட மாணவியாக இருந்த காலத்தில்தான் நியூயார்க்கில் சட்டை தைக்கும் பெண்களின் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. 1909 நவம்பரில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர், பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடும்பங்களிலிருந்து பிழைக்க வந்த இளம்பெண்கள், தையல் பொறிகளை விட்டெழுந்தார்கள். மறியலில் நின்றவர்களைக் காவலர் அடித்தனர், இழுத்துச் சென்றனர். செல்வர் வீட்டுப் பெண் ஒருத்தி அருகில் நின்றால் மட்டும் தடி சற்றே தாழும். இதனை உணர்ந்த கல்லூரிப் பெண்கள் பலர் மறியலில் சாட்சிகளாக நின்றார்கள். இனெசும் நின்றார். 1910 ஜனவரியில் கைது செய்யப்பட்டார். பின்னர் வழக்கு நிற்கவில்லை.

இந்த இடத்தில் நான் என் மனத்தில் பட்டதைச் சொல்லிவிட வேண்டும். கைதான இனெசுக்குப் பிணை கொடுக்கத் தந்தை இருந்தார். செய்தித்தாளில் பெயர் வந்தது. அவரோடு நின்ற தையற்காரப் பெண்களுக்கு ஒருநாள் கூலி போயிற்று; பெயரும் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் அக்கா திருப்பூரில் பனியன் நிறுவனத்தில் வேலை பார்த்த பணத்தில்தான் முதலாண்டுக் கட்டணம் கட்டினேன். ஆகவே இந்த வேறுபாடு என் கண்ணில் முதலில் படுகிறது. ஆனாலும், தம் பெயருக்கு இருந்த மதிப்பைக் கேடயமாக்கி அந்தப் பெண்கள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாரே, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேலைநிறுத்தம் நடந்த தொழிற்சாலைகளுள் ஒன்று டிரையாங்கிள் நிறுவனம். 1911 மார்ச் 25-ஆம் நாள் அங்கே தீப்பிடித்தது. கதவுகளில் ஒன்று பூட்டிக் கிடந்தது. 146 பேர் மாண்டனர். அடுத்த கட்டடத்தில்தான் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் சட்ட வகுப்புகள் நடந்தன. மாணவர்கள் கூரையிலிருந்து ஏணிகளை நீட்டிப் பலரைக் காப்பாற்றினார்கள். மாடியிலிருந்து குதித்தவர்களின் உடல்கள் நடைபாதையில் கிடப்பதைச் செய்தித்தாள்கள் நிழற்படமாக வெளியிட்டன. அறிக்கைகள் அசைக்காத மனங்களை அந்தப் படங்கள் அசைத்தன. தொழிற்சாலைப் பாதுகாப்புக்கு நியூயார்க் மாநிலம் புதிய சட்டங்கள் பல செய்தது. நிழற்படம் ஒரு சாட்சி ஆகமுடியும் என்பதை இயக்கத்தார் கண்கூடாகக் கண்ட காலம் அது.

1912-இல் இனெஸ் சட்டப் பட்டம் பெற்றார். நியூயார்க்கில் ஊர்வலங்கள் ஆண்டுதோறும் நடந்தன. அவர் கொடி தாங்கி நடந்தார், குதிரை மீதும் வந்தார். அதே ஆண்டு வாக்குரிமை இயக்கத்தார் திரைப்படத்தையும் கையில் எடுத்தனர். அதுவரை திரையில் வாக்குரிமைப் பெண் என்றால் கணவனை விரட்டும் அடங்காப்பிடாரியாகவே நகைச்சுவைப் படங்கள் காட்டி வந்தன. அதற்கு மறுமொழியாக 1912-இல் ஒரு படமும், 1913-இல் மற்றொரு படமும் இயக்கத்தின் ஆதரவோடு வெளிவந்தன. பின்னதில் பாங்க்ஹர்ஸ்ட் அம்மையாரும், கல்லறைக் கூட்டத்தில் பேசிய அதே பிளாட்ச் அம்மையாரும் தாமே தோன்றினார்கள். தம் முகத்தைப் பிறர் வரைய விடாமல் தாமே திரையில் போய் நின்றார்கள்!

வாஷிங்டன் ஊர்வலத்தை முன்னின்று நடத்திய ஆலிஸ் பால், அப்போது இருபத்தெட்டு வயது முனைவர் பட்டக்காரர். கூர்மையான மூளை. பதவியேற்புக்கு வரும் செய்தியாளர்களும் நிழற்படக்காரர்களும் ஒருநாள் முன்னதாகத் தம் ஊர்வலத்தையும் படம் பிடிப்பார்கள் என்று கணக்கிட்டே நாளைக் குறித்தார். முகப்பில் யாரை நிறுத்துவது? அழகி என்று செய்தித்தாள்கள் எழுதி எழுதிச் சலிக்காத இனெஸ் மில்ஹாலண்டை நிறுத்தினார். வாக்கு கேட்பவள் அழகற்றவள், மணமாகாதவள், ஆண்களை வெறுப்பவள் என்ற கேலிக்கு அந்த ஒரு படம் விடையாயிற்று. விடைதான். ஆனால் கேள்வியே இழிவானது அல்லவா? அழகில்லாத பெண்ணுக்கு வாக்கு வேண்டாமா? இதை யோசித்து அமைதியடைய என்னால் இயலவில்லை.

அந்தப் படத்தைக் கல்லூரிக் கணிப்பொறியில் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலங்கி பால் போல வெண்மையாகத் தெரிகிறது. ஆனால் அன்றைய வருணனைகளில் மேலங்கி வெளிர்நீலம் என்று இருக்கிறது. வேதியியல் மாணவிக்கு இதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளில் பூசப்பட்ட வெள்ளி புரோமைடு, நீல ஒளிக்கு மிகுதியாக வினைபுரியும். சிவப்பைப் பெரும்பாலும் காணவே காணாது. அதனால் நீல வானமும் நீலத் துணியும் வெளுத்துப் போகும். சிவப்புக் கொடி கறுத்துப் போகும். நிழற்படம் பொய் சொல்லாது என்பார்கள். பொய் சொல்லாமல் இருக்கலாம். தன் வேதியியலுக்கு எட்டியதை மட்டுமே சொல்லும்.

குதிரைப் படத்திற்கு எட்டாதவை வேறு பலவும் இருந்தன. ஊர்வலம் சற்றுத் தூரம் சென்றதும் கூட்டம் சாலைக்குள் புகுந்தது. ஆடவர் பலர் பெண்களை இழுத்தனர், தள்ளினர், உமிழ்ந்தனர். காவலர் பலர் கைகட்டி நின்றனர். இனெஸ் தம் குதிரையைக் கொண்டே கூட்டத்தை விலக்கிப் பின்னால் வந்தவர்களுக்கு வழி செய்தார். ஏறத்தாழ நூறு பேர் மருத்துவமனைக்குச் சென்றனர். இறுதியில் போர்ட் மையரிலிருந்து குதிரைப்படை வந்து வழியைத் திறந்தது. அகன்ற அவென்யூ முழுவதையும் தொப்பியணிந்த தலைகள் அடைத்துக்கொள்ள, நடுவில் ஒற்றையடிப் பாதை போல ஓர் இடைவெளியில் பெண்கள் திணறும் படமும் உண்டு. அதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பின்னர் மேலவைக் குழு ஒன்று விசாரித்தது. 150-க்கும் மேற்பட்ட சாட்சிகள் வந்தனர். ஊர்வலத்தைக் கலைத்தவர்களே அதை நாடு முழுதும் பேசும் செய்தியாக்கிவிட்டார்கள்!

இன்னொன்றும் உண்டு. அதே ஊர்வலத்தில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவியரும் நடந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள்தான் இருபத்திரண்டு மாணவியர் கூடி டெல்ட்டா சிக்மா தீட்டா என்னும் சங்கத்தைத் தொடங்கியிருந்தனர். சங்கம் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர்களுடைய முதல் பொதுப்பணி இந்த ஊர்வலம். ஆனால் தென்மாநில வெள்ளையரின் மனம் நோகும் என்று அஞ்சிய அமைப்பாளர்கள், கறுப்பினப் பெண்கள் கடைசியில் வரட்டும் என்றார்கள். சிகாகோவிலிருந்து வந்த இதழாளர் ஐடா பி. வெல்ஸ் இதற்கு இணங்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக ஓரத்தில் நின்றவர், இல்லினாய்ஸ் மாநிலத்தார் வந்ததும் உள்ளே புகுந்து இரு வெள்ளைப் பெண்களுக்கு நடுவே நடந்தார். அவர் அப்படி நிற்பதைச் சிகாகோ டிரிபியூன் நாளேடு படமாக வெளியிட்டது. ஒரே ஊர்வலம், இரண்டு படங்கள். கறுப்பின மக்களுக்கான சங்கத்தின் பொருளாளர் மகள் முகப்பில் குதிரைமேல் சென்றார். கறுப்பினப் பெண் தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாவது படத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் முதல் படத்தைப் பார்க்க வேண்டும் என்பேன்.

அவ்வாண்டு ஜூலையில் இனெஸ் இலண்டனில் யூஜின் பாய்சவெயின் என்னும் டச்சு வணிகரை மணந்தார். அமெரிக்காவில் 1907-இல் செய்யப்பட்ட சட்டப்படி, அயல்நாட்டவரை மணக்கும் பெண் தன் குடியுரிமையை இழப்பாள். ஆணுக்கு அவ்வாறு இல்லை. சட்டம் படித்த அந்த அம்மையார், சட்டத்தாலேயே தாம் பிறந்த மண்ணில் அயலவரானார். நாளைக்கே எல்லாப் பெண்களுக்கும் வாக்கு கிடைத்தாலும் அவருக்குக் கிடையாது! எனினும் அவர் பின்வாங்கவில்லை. உலகப் போர் மூண்டபோது 1915-இல் இத்தாலிக்குச் செய்தியாளராகச் சென்றார். போரை எதிர்த்து எழுதியதால் அந்நாட்டு அரசு வெளியேற்றியது. மரண தண்டனை பெற்ற ஸ்டீலோ என்னும் ஏழைக் கூலியாளின் உயிரைக் காக்க 1916-இல் முனைந்தார். அம்மனிதர் 1918-இல் விடுதலையானார். அதைப் பார்க்க இனெஸ் இல்லை.

வாக்கு என்று எழுதும்போது என் ஆத்தாவின் நினைவு வருகிறது. கையெழுத்துப் போடத் தெரியாத ஆத்தாவை எடுத்த நிழற்படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அது வாக்காளர் அடையாள அட்டையில் இருக்கிறது. இனெஸ் மில்ஹாலண்டுக்கு எண்ணிலாப் படங்கள் இருந்தன. இப்படி ஒரு படம் இல்லை.

1916 இலையுதிர் காலம். மேற்கு மாநிலங்கள் சிலவற்றில் பெண்கள் ஏற்கெனவே வாக்குரிமை பெற்றிருந்தனர். நாடு முழுதும் பெண்களுக்கு வாக்குரிமை தர மறுக்கும் வில்சனின் கட்சிக்கு எதிராக அந்தப் பெண்கள் வாக்களிக்க வேண்டும் என்று கேட்க இனெஸ் தம் தங்கை வைடாவுடன் புறப்பட்டார். உடல்நலம் குன்றியிருந்தது. இரயிலில் உறக்கம், இறங்கினால் மேடை, மேடைவிட்டால் மீண்டும் இரயில். அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பேசிக்கொண்டிருந்தபோதே மேடையில் மயங்கி விழுந்தார். நவம்பர் 25-ஆம் நாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். வயது முப்பது.

அவரைக் கொன்றது கொடிய இரத்தசோகை. இன்றானால் தொடர்ந்து ஊசி போட்டுக் கட்டுக்குள் வைத்துவிடலாம். ஈரலை உணவாகக் கொடுத்தால் நோய் தணியும் என்று மினாட்டும் மர்ஃபியும் 1926-இல் காட்டினார்கள், பத்தாண்டுகள் பிந்திவிட்டது. ஈரலில் இருந்த பொருளான வைட்டமின் பி-12 தனியே பிரிக்கப்பட்டது 1948-இல். சிவந்த அந்தப் படிகத்தின் நடுவில் ஒரு கோபால்ட் அணு இருக்கிறது. அதன் அமைப்பை ஊடுகதிர்ப் படங்கள் எடுத்து எடுத்துக் கண்டறிந்து, 1964-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் டோரதி ஹாட்ஜ்கின் என்னும் பெண்மணி. அவையும் நிழற்படங்களே!

1916 டிசம்பர் 25 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் சிலை மண்டபத்தில் இனெசுக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. ஒரு பெண்ணுக்கு அங்கே அஞ்சலி செலுத்தப்பட்டது அதுவே முதன்முறை. 1917 ஜனவரி 9-இல் ஏறத்தாழ முந்நூறு பெண்கள் அந்தக் கூட்டத்தின் தீர்மானங்களோடு வில்சனைச் சந்தித்தனர். அவர் கைவிரித்தார். மறுநாளே வெள்ளை மாளிகை வாயிலில் மறியல் தொடங்கியது. கடைசிக் கூட்டத்தில் இனெஸ் எழுப்பியதாகச் சொல்லப்படும் கேள்வியைத் துணியில் எழுதித் தாங்கி நின்றார்கள். பேச்சில்லை, முழக்கமில்லை, துணியும் எழுத்தும் நிற்கும் பெண்ணும் மட்டுமே. நிழற்படக் கருவிக்கு இதைவிட ஏற்ற போராட்டம் வேறில்லை. ஜூன் முதல் கைதுகள் தொடங்கின. சிறையில் உண்ணாநோன்பு இருந்தவர்களுக்கு மூக்கு வழியே குழாய் செருகி உணவு ஊற்றினார்கள். அங்கே எந்த நிழற்படக்காரரையும் விடவில்லை. அதனைப் பின்னாளில் நடிகர்களைக் கொண்டுதான் காட்ட முடிந்தது. 2004-இல் வந்த 'அயர்ன் ஜாட் ஏஞ்சல்ஸ்' என்னும் திரைப்படத்தில் அக்காட்சிகள் உண்டு. அதில் ஜூலியா ஆர்மண்ட் என்பவர் இனெஸ் வேடத்தில், வெள்ளைக் குதிரைமேல் வருகிறார். நாடு முழுதும் பெண்களின் வாக்குரிமையை உறுதிசெய்த பத்தொன்பதாம் திருத்தம் 1920 ஆகஸ்டில் நிறைவேறியது. கறுப்பினப் பெண்கள் பலர் தென்மாநிலங்களில் 1965 வரை காத்திருந்தனர்.

மறியல் தொடங்கிய அடுத்த மாதம், 1917 பிப்ரவரியில் எடுத்த ஒரு படத்தையும் சொல்லிவிடுகிறேன். மறியலில் ஒருநாளைக் கல்லூரி நாள் என்று ஒதுக்கியிருந்தார்கள். கல்லூரிப் பெண்கள் குளிருக்குக் கனத்த மேற்சட்டையும் தொப்பியும் அணிந்து, தோளுக்குக் குறுக்கே தத்தம் கல்லூரிப் பெயர் எழுதிய பட்டையோடு, கொடிகளைப் பிடித்தபடி மாளிகை வேலியோரம் வரிசையாக நிற்கிறார்கள். குதிரை இல்லை. தலையில் முடியும் இல்லை. இனெஸ் இறந்து அப்போது மூன்று மாதம்கூட நிறையவில்லை.